கை வைக்காமல் விட்ட ஷாட்: 'தி மன்சூரியன் கேண்டிடேட்' ப்ளூ-ரே

பழைய அரசியல் த்ரில்லர்களில் எதை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது 1962-ல் வந்த 'தி மன்சூரியன் கேண்டிடேட்' படத்தைத்தான். எந்தப் பதிப்பு என்று கேட்டால், பழைய படங்களை மீட்டு டிஸ்க்கில் கொண்டுவருகிற அமெரிக்காவின் க்ரைட்டீரியன் நிறுவனம் 2016 மார்ச்சில் வெளியிட்ட ப்ளூ-ரே. வீடியோ கேசட், டிவிடி, 2004-ல் ஒரு சிறப்புப் பதிப்பு டிவிடி, 2011-ல் எம்ஜிஎம் ப்ளூ-ரே என்று இந்தப் படம் வீட்டுக்கு வந்த வழிகள் பல. என்னிடம் இருப்பவற்றில் க்ரைட்டீரியன் டிஸ்க்கைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்.

நான் கோடம்பாக்கத்தில் ஒரு லேப்பில் கிரேடராக வேலை பார்த்தவன். நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போடும்போது ஒவ்வொரு ஷாட்டுக்கும் எவ்வளவு லைட் கொடுப்பது என்று முடிவு செய்கிற வேலை. புதுப் படம் என்றால் கேமராமேன் பக்கத்தில் உட்கார்ந்து "முகம் இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்" என்பார், இறக்குவோம். பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் புதுப் பிரிண்ட் போட வந்தால், சொல்வதற்கு அவர் இருக்க மாட்டார். நெகட்டிவைப் பார்த்து அவர் மனசில் என்ன இருந்தது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. ஒரு பழைய படத்தின் டிஸ்க் கையில் கிடைத்தால், கதைக்கு முன்னால் என் கண் முகங்களின் சாம்பல் நிறத்துக்கும் கோட்டுகளின் கறுப்புக்கும்தான் போகும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், முடிவைத் தொடாமல். கொரியப் போரில் ஒரு அமெரிக்கப் படைப்பிரிவு பிடிபட்டு மஞ்சூரியாவுக்குக் கொண்டுபோகப்படுகிறது. திரும்பி வருகிறவர்களில் ரேமண்ட் ஷா என்ற சார்ஜெண்ட்டுக்கு நாட்டின் உயரிய வீரப் பதக்கம் கிடைக்கிறது. அவனோடு இருந்த மேஜர் பென் மார்கோவுக்கோ ராத்திரி தூங்க முடியாத அளவுக்குக் கெட்ட கனவு. அந்தக் கனவில் ரேமண்ட் செய்கிற காரியம் வீரம் அல்ல. ஊரில் ரேமண்டின் அம்மா தன் இரண்டாவது கணவரான செனட்டர் ஐஸ்லினை மேலே மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறாள். ரிச்சர்ட் காண்டன் 1959-ல் எழுதிய நாவலுக்கு ஜார்ஜ் ஆக்ஸல்ராட் திரைக்கதை எழுதி, ஜான் ஃபிராங்கன்ஹைமர் இயக்கினார். மார்கோவாக ஃபிராங்க் சினாட்ரா, ரேமண்டாக லாரன்ஸ் ஹார்வி, அம்மாவாக ஏஞ்சலா லான்ஸ்பரி. லான்ஸ்பரிக்கும் ஹார்விக்கும் நிஜத்தில் மூன்றே வயதுதான் வித்தியாசம். படத்தில் ஒரு நிமிடம்கூட அது தோன்றாது.

இந்தப் படத்தைப் பற்றி ஒரு கதை ஊரெல்லாம் உலவுகிறது. 1963 நவம்பரில் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டதும் படத்தை உடனே எடுத்துவிட்டார்கள், கால் நூற்றாண்டு யாரும் பார்க்க முடியவில்லை என்று. அப்படி இல்லை. 1965-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது, எழுபதுகளிலும் காட்டினார்கள். 1972-ல் உரிமை சினாட்ரா கைக்கு வந்தது. அதற்கப்புறம் தியேட்டர்களில் பார்ப்பது அரிதாகிப்போனது உண்மை. 1987-ல் நியூயார்க் திரைப்பட விழாவில் திரையிட்டு, 1988-ல் மறுபடியும் தியேட்டர்களுக்கு விட்டார்கள். ஒரு விதத்தில் அந்த இடைவெளி படத்துக்கு நல்லதும் செய்தது. ஓட்டி ஓட்டித் தேய்ந்து, கோடு விழுந்த பிரிண்டிலிருந்தே ஒரு தலைமுறை பார்த்துப் பழகவில்லை.

சரி, டிஸ்க்குக்கு வருவோம். 4கே-யில் மீட்டெடுத்த பிரதியிலிருந்து எடுத்த ப்ளூ-ரே இது. திரை அளவு 1.75:1, அதாவது அகல டிவியில் கிட்டத்தட்ட முழுத் திரையும் நிறைந்துவிடும். முதலில் என் கண்ணில் பட்டது கிரெயின். ஃபிலிமில் இருக்கிற வெள்ளித் துகள்களின் அசைவு அது. அதைத் தூசு என்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் வழித்தெடுத்த டிஸ்க்குகள் சந்தையில் நிறைய இருக்கின்றன. துகள் போனால் கூடவே தோலின் ரேகையும் துணியின் நெசவும் போய்விடும், நடிகர்கள் மெழுகு பூசிக்கொண்டு வந்த மாதிரி நிற்பார்கள். இங்கே அந்த அநியாயம் நடக்கவில்லை. லயனல் லிண்டனின் ஒளிப்பதிவில் சினாட்ராவின் முகம் எப்போதும் வியர்த்து, தூக்கம் கெட்டு இருக்கும். மேலுதட்டில் நிற்கிற வியர்வையைத் தனித்தனியாகப் பார்க்கலாம். எம்ஜிஎம் ப்ளூ-ரேயையும் மட்டமென்று சொல்ல மாட்டேன், அதிலும் கிரெயின் இருக்கிறது. ஆனால் இதில் அது இன்னும் பொடியாக, சீராக இருக்கிறது. இருட்டான இடங்களில் கோட்டும் நிழலும் ஒன்றாகக் குழையாமல் பிரிந்து நிற்கின்றன.

படத்தில் மிகப் பேர்பெற்ற இடம் அந்தக் கனவுக் காட்சி. மழைக்கு ஒதுங்கிய ராணுவ வீரர்கள் ஒரு ஹோட்டல் கூடத்தில் மாதர் சங்கக் கூட்டத்தில் சலிப்போடு உட்கார்ந்திருக்கிறார்கள். பூத்தொப்பி வைத்த ஒரு அம்மையார் ஹைட்ராஞ்சியா பூச்செடி வளர்ப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். கேமரா மெதுவாக ஒரு முழு வட்டம் சுற்றுகிறது. பூ, தொட்டி, தொப்பி, டீக்கோப்பை, கேட்டுக்கொண்டிருக்கிற பெண்கள் என்று போய், சுற்றி முடிக்கும்போது அதே இடத்தில் சோவியத், சீன அதிகாரிகள் படிவரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் ஸ்டாலின், மாவோவின் ராட்சதப் படங்கள். இடையில் வெட்டு கிடையாது. கேமரா சுற்றுவதற்குள் செட்டை மாற்றியிருக்கிறார்கள். அதற்கப்புறம் இரண்டு உலகங்களையும் கலந்து கலந்து வெட்டுகிறார்கள். அதிகாரியின் குரல் அம்மையார் வாயிலிருந்து வருகிறது, அம்மையாரின் பேச்சு அதிகாரி வாயிலிருந்து. இன்னொரு வீரர், ஒரு கறுப்பினத்தவர், அதே கனவைக் காணும்போது மாதர் சங்கத்தில் இருப்பவர்களும் கறுப்பினப் பெண்கள். அவரவர் மனசு அவரவருக்குத் தெரிந்த பெண்களைத்தான் கொண்டுவந்து உட்கார வைக்கும் என்பதை ஒரு வார்த்தை சொல்லாமல் காட்டிவிடுகிறார் ஃபிராங்கன்ஹைமர்.

இந்தக் காட்சிதான் எந்தப் பிரதிக்கும் பரீட்சை. ஒரு பக்கம் வெள்ளை லேஸ், வெள்ளைப் பூக்கள், ஜன்னல் வெளிச்சம். இன்னொரு பக்கம் இருண்ட அரங்கம், கறுத்த சீருடைகள். லைட்டைக் கூட்டினால் பூவிதழ்கள் வெளுத்து மறையும், குறைத்தால் பின்வரிசை ஆட்கள் காணாமல் போவார்கள். அந்த நாளில் என் கையில் இந்த ரீல் வந்திருந்தால் நாள் முழுக்க அதோடுதான் உட்கார்ந்திருப்பேன். இந்த டிஸ்க்கில் தொப்பியில் இருக்கிற ஒவ்வொரு பூவும் தெரிகிறது, மேல்வரிசை ஆட்களின் கண்களும் தெரிகின்றன. ரேமண்ட் ஒருவனைச் சுடும்போது பின்னால் இருக்கிற ஸ்டாலின் படத்தில் ரத்தம் தெறிக்கிறது. கறுப்பு வெள்ளையில் ரத்தத்துக்குத் தனி நிறம் இல்லை, அது வெறும் கறுப்பு. படத்தின் சாம்பல் நிறம் சரியான அளவில் இருந்தால்தான் அந்தக் கறுப்பு தெறிப்பது நெஞ்சில் உறைக்கும். உறைக்கிறது.

இன்னொரு காட்சி பத்திரிகையாளர் கூட்டம். பாதுகாப்புத் துறை செயலர் பேசிக்கொண்டிருக்கும்போது ஐஸ்லின் எழுந்து, துறைக்குள் 207 கம்யூனிஸ்ட்டுகள் இருப்பதாகக் கத்துகிறார். முன்னால் ஒரு டிவி மானிட்டர். அவருடைய மனைவி கத்துகிற கணவரைப் பார்க்கவில்லை, மானிட்டரில் அவர் எப்படித் தெரிகிறார் என்று பார்க்கிறாள். ஃபிராங்கன்ஹைமர் நேரடி ஒளிபரப்பு டிவி நாடகங்களில் வளர்ந்தவர். ஒரே ஃப்ரேமுக்குள் ஆளையும் அவருடைய டிவி பிம்பத்தையும் வைக்க அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டிவிடியில் அந்தச் சின்ன மானிட்டர் வெறும் மங்கலான வெளிச்சம். இங்கே அதற்குள் ஐஸ்லினின் வாய் அசைவது வரைக்கும் தெரிகிறது. லான்ஸ்பரியின் பார்வை எங்கே போகிறது என்பதும் அப்போதுதான் புரிகிறது. அடுத்து வருகிற கெச்சப் காட்சியையும் சொல்ல வேண்டும். நினைவில் நிற்கிற மாதிரி ஒரே எண்ணைக் கொடு என்று ஐஸ்லின் கெஞ்ச, மனைவி அவர் தட்டிக்கொண்டிருக்கிற ஹைன்ஸ் பாட்டிலைப் பார்க்கிறாள். அடுத்த வெட்டில் செனட்டில் அவர் 57 பேர் என்கிறார். கம்யூனிஸ்ட் வேட்டைக்குப் பேர்போன செனட்டர் மெக்கார்த்தி 1950-ல் நிஜமாகவே 205 என்றும் 57 என்றும் எண்களை மாற்றி மாற்றிச் சொன்னவர். லேபிளில் இருக்கிற 57-ஐ இந்த டிஸ்க்கில் சோபாவில் இருந்தபடியே படிக்கலாம். வீடெல்லாம் இறைந்து கிடக்கிற லிங்கன் சிலைகளையும் படங்களையும் கவனியுங்கள். லிங்கன் வேஷம் போட்டு ஐஸ்லின் வருகிற விருந்தில், கேவியரால் செய்த அமெரிக்கக் கொடி ஒன்றும் மேஜையில் இருக்கும்.

நான் இந்த டிஸ்க்கை மதிப்பதற்கு முதல் காரணம் வேறொரு இடத்தில் இருக்கிறது. படத்தின் பின்பகுதியில் ஹோட்டல் அறையில் மார்கோவும் ரேமண்டும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். சீட்டுக்கட்டில் இருக்கிற எல்லாச் சீட்டும் டைமண்ட் ராணி. மார்கோ ஒவ்வொன்றாகப் போட்டு, மூளைச்சலவை செய்து ரேமண்டின் தலைக்குள் கட்டியிருக்கிற முடிச்சை அவிழ்க்கப் பார்க்கிறார். படத்தின் உயிரே அந்தக் காட்சிதான். அதில் சினாட்ராவின் குளோசப் ஃபோகஸில் இல்லை. ஹார்வி கூர்மையாக இருக்கிறார், சினாட்ரா மசமசவென்று இருக்கிறார். நடந்தது என்னவென்று ஃபிராங்கன்ஹைமரே சொல்லியிருக்கிறார். சினாட்ரா முதல் டேக்கில் பிரமாதமாக நடிப்பவர், திரும்பத் திரும்ப எடுத்தால் சூடு இறங்கிவிடும். அந்த முதல் டேக்கில் கேமரா உதவியாளர் ஃபோகஸை விட்டுவிட்டார். மறுபடி எடுத்துப் பார்த்தார்கள், நடிப்பு அந்த அளவுக்கு வரவில்லை. ஃபோகஸ் இல்லாத டேக்கையே இயக்குநர் படத்தில் வைத்தார். குழம்பிய ரேமண்டின் கண்ணில் உலகம் எப்படித் தெரிகிறது என்பதை இயக்குநர் அற்புதமாகக் காட்டிவிட்டார் என்று விமர்சகர்கள் பாராட்டினார்கள்.

இன்றைக்கு இருக்கிற மென்பொருளைக் கொண்டு அந்த முகத்தைக் கூர்மையாக்கிவிடலாம். இல்லாத இமை முடியைக்கூட அது வரைந்து கொடுக்கும். அப்படி வரைந்த முகங்களோடு பெரிய பெரிய படங்கள் சமீபத்தில் டிஸ்க்கில் வந்திருக்கின்றன, பார்க்க எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. க்ரைட்டீரியன் ஆட்கள் இந்த ஷாட்டில் கை வைக்கவில்லை. கீறலை எடுத்திருக்கிறார்கள், தூசை எடுத்திருக்கிறார்கள், ஷாட்டுக்கு ஷாட் வெளிச்சம் குதிப்பதைச் சமன்படுத்தியிருக்கிறார்கள். சினாட்ராவின் மசமசப்பு 1962-ல் எடிட்டிங் மேஜையில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. கிரெயின் கூர்மையாக இருக்கும்போது முகம் மட்டும் மங்கலாக இருப்பதால், அது லென்ஸில் நடந்தது, பிரதியில் நடந்தது இல்லை என்று பார்க்கிறவருக்கும் தெளிவாகத் தெரியும். லேப்பில் எங்களுக்கு மூத்தவர்கள் சொல்லித்தந்தது இதைத்தான். நெகட்டிவில் ஏறிய அழுக்கு நம் பொறுப்பு, நெகட்டிவுக்குள் இருப்பது அவர்கள் பொறுப்பு.

ஒலி பழைய மோனோதான், சுருக்காமல் கொடுத்திருக்கிறார்கள். செயற்கையாக ஐந்து ஸ்பீக்கருக்குப் பிரித்து வைக்காதது எனக்குத் திருப்தி. டேவிட் ஆம்ரமின் இசை குறைவாகத்தான் வரும், வருகிற இடத்தில் வசனத்தை அமுக்காமல் நிற்கிறது. ஆங்கில சப்டைட்டில் இருக்கிறது. ஐஸ்லின் கத்தும்போதும் ரயில் காட்சியில் சினாட்ராவும் ஜேனட் லீயும் சம்பந்தா சம்பந்தமில்லாமல் பேசிக்கொள்ளும்போதும் அது நமக்குப் பெரிய உதவி.

கூடுதல் அம்சங்களில் படம் ஓடும்போதே கூடக் கேட்கிற ஃபிராங்கன்ஹைமரின் 1997 விளக்கவுரைக்கு ஈடு கிடையாது. 2002-ல் அவர் போய்விட்டார், இந்தக் குரல்தான் மிச்சம். எந்த லென்ஸ், ஏன் அந்தக் கோணம் என்று தொழில்காரராகப் பேசுகிறார். ஹென்றி சில்வாவோடு போடுகிற கராத்தே சண்டையில் மேஜையை உடைத்தபோது சினாட்ராவின் விரலும் உடைந்தது, விளக்கவுரையைக் கேட்டுவிட்டு அந்தச் சண்டையை மறுபடி பாருங்கள். 1987-ல் சினாட்ரா, ஆக்ஸல்ராட், ஃபிராங்கன்ஹைமர் மூவரும் உட்கார்ந்து பேசுகிற உரையாடல் ரொம்பக் குட்டி, பழைய நண்பர்கள் பேச்சு. லான்ஸ்பரி தொண்ணூறு வயதை ஒட்டிக் கொடுத்த பேட்டி இந்த டிஸ்க்குக்காகவே எடுத்தது. அம்மா பாத்திரத்துக்கு சினாட்ராவின் மனதில் இருந்தவர் நகைச்சுவை நடிகை லூசில் பால், லான்ஸ்பரிதான் வேண்டும் என்று நின்றவர் ஃபிராங்கன்ஹைமர். நல்லவேளை நின்றார். ஆவணப்பட இயக்குநர் எரல் மோரிஸ் இந்தப் படத்தைப் பற்றி ரசிகராகப் பேசுவது கேட்க சுகம், புதிதாக எதுவும் கிடைக்காது. விமர்சகர் ஹோவர்ட் ஹாம்ப்டனின் கட்டுரையும் கூட வருகிறது.

நான் எதிர்பார்க்காமல் ஆழ்ந்து பார்த்தது வரலாற்றாசிரியர் சூசன் கருத்தர்ஸின் பகுதி. மூளைச்சலவை என்ற பயம் ஐம்பதுகளில் அமெரிக்காவை எப்படிப் பிடித்து ஆட்டியது என்பதைப் பற்றியது. கொரியப் போர் முடிந்தபோது 21 அமெரிக்கக் கைதிகள் ஊர் திரும்ப மாட்டோம் என்று மறுத்தார்கள். நம் பிள்ளைகள் இப்படிச் சொல்வார்களா, யாரோ மனசை மாற்றியிருக்க வேண்டும் என்று நாடே பதறியது. இதில் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. திரும்ப மறுத்த கைதிகளின் விஷயத்தைக் கவனித்த நடுநிலை நாடுகளின் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம் ஜெனரல் திம்மையா. அந்தக் கைதிகளைக் காவலில் வைத்திருந்ததும் இந்தியப் படைதான். இந்தப் பின்னணியோடு பார்த்தால் படத்தின் கற்பனை அத்தனை கற்பனையாகத் தெரியாது. படம் வெளியான 1962 அக்டோபர் 24, கியூபாவில் ஏவுகணை நெருக்கடி உச்சத்தில் இருந்த வாரம்.

குறைகளும் உண்டு. 2004 டிவிடியில் இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிற ஒரு பகுதி இருந்தது, லான்ஸ்பரியின் இன்னொரு பேட்டியும் இருந்தது. இரண்டும் இங்கே இல்லை. பழைய டிவிடி வைத்திருக்கிறவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம். சினாட்ரா படத்தைத் தன்னிடம் வைத்திருந்த ஆண்டுகளைப் பற்றியும், பிரதியை எப்படி மீட்டார்கள் என்பதைப் பற்றியும் தனியாக ஒரு பகுதி போட்டிருக்கலாம். மீட்டெடுப்பு வேலை செய்தவர்கள் பேசுவதைக் கேட்க என் மாதிரி ஆட்கள் காத்துக்கொண்டிருக்கிறோம்.

இங்கிருந்து வாங்குகிறவர்களுக்குப் பெரிய சிக்கல் மண்டலக் குறியீடு. அமெரிக்க ப்ளூ-ரே ஏ மண்டலம், இந்தியா சி மண்டலம். இங்கே கடையில் வாங்கின சாதாரண பிளேயரில் இது ஓடாது. எல்லா மண்டலமும் ஓடுகிற பிளேயர் இருந்தால் மட்டும் ஆர்டர் போடுங்கள். வெளியானபோது விலை 39.95 டாலர், அஞ்சல் செலவும் சுங்க வரியும் தனி. பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தகக் கடையில் வருஷத்தில் இரண்டு தடவை, வழக்கமாக ஜூலையிலும் நவம்பரிலும், க்ரைட்டீரியன் டிஸ்க்குகளைப் பாதி விலைக்குத் தருவார்கள். அமெரிக்காவில் அக்கா மகனோ தெரிந்தவர்களோ இருந்தால் அப்போது வாங்கி வைக்கச் சொல்லி, ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள். எனக்கு ஆன்லைனில் ஒரு விற்பனையாளர் அனுப்பியது பெட்டி நொறுங்கி, டிஸ்க் உள்ளே உருண்டபடி வந்தது. மாற்றித் தரச் சொல்லிப் போட்ட மெயிலுக்குப் பதிலே இல்லை. டிஸ்க்கில் கீறல் விழாமல் தப்பியது.

போடுவதற்கு முன் டிவியில் இரண்டு வேலை செய்யுங்கள். அசைவை வழவழப்பாக்குகிற வசதியை நிறுத்துங்கள், ஷார்ப்னெஸ்ஸைக் குறைத்து வையுங்கள். இரண்டும் போட்டபடி இருந்தால், அங்கே இத்தனை கவனமாகக் காப்பாற்றிய கிரெயினை உங்கள் டிவி இங்கே அழித்துவிடும். முதல் தடவை பார்க்கிறவர்கள் லான்ஸ்பரி பேட்டியையும் மோரிஸ் பேச்சையும் படம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், திருப்பங்களைப் பற்றித் தாராளமாகப் பேசுகிறார்கள். விளக்கவுரையோடு பார்ப்பதை இன்னொரு நாளைக்கு வையுங்கள். சீட்டுக் காட்சி வரும்போது டிவியில் கோளாறு என்று ரிமோட்டை எடுக்க வேண்டாம்.